கேஷ்: ஒரு சின்னச் சொல்லின் பொருளும் புள்ளியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்க்ராபிள் பலகை விரிக்கிறோம். கையிலிருக்கிற ஏழு எழுத்துக் கட்டைகளை, அதாவது டைல்களை, பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கிற ஆட்டம் அது. காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலும் தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற பிள்ளைகூட பலகை முன்னால் உட்கார்ந்தால் கூச்சத்தை மறந்துவிடும். வாரம் ஒரு சொல்லை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். இதுவரை எடுத்ததில் அதிகமாகக் கேள்வி வந்த சொல் கேஷ். சி, ஏ, எஸ், ஹெச் என்று நாலே எழுத்து. பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவந்த பெற்றோரும் கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கேஷ் என்றால் பணம். அவ்வளவுதானே அக்கா?

எல்லாப் பணமும் கேஷ் இல்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடையில் பில் போடுகிறவர் "கேஷா, ஜிபேவா?" என்று கேட்கிறாரே, அதுதான் இந்தச் சொல்லின் சரியான எல்லை. கையில் எடுத்துக் கொடுக்கிற நோட்டும் சில்லறையும் கேஷ். தமிழில் இதற்கு நேர்ச் சொல் ரொக்கம். "கையில காசு, வாயில தோசை" என்கிறோமே, அந்த வியாபாரம் முழுக்க கேஷ் வியாபாரம்.

கணக்கு எழுதுகிறவர்கள் மட்டும் எல்லையைக் கொஞ்சம் அகலமாக வைத்திருக்கிறார்கள். வங்கியில் உடனே எடுக்கக்கூடிய இருப்பையும் அவர்கள் கேஷ் என்ற தலைப்பில் சேர்ப்பார்கள்.

வினைச்சொல்லாகவும் வரும். செக்கைக் கொடுத்துப் பணமாக மாற்றினால் அது கேஷ் பண்ணுவது. அதோடு இன் சேர்ந்து கேஷ் இன் என்றால் கிடைத்த வாய்ப்பை வைத்துக் காசு பார்ப்பது. கேஷ் கிராப் என்பது நம் பாடப்புத்தகத்துப் பணப்பயிர்.

ஆபீஸில் 'பெட்டி கேஷ்' என்கிறார்களே, பெட்டியில் வைக்கிற பணமா?

இதைக் கேட்டது ஒரு பையனின் அப்பா. ஹார்பரில் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை செய்கிறவர். அந்தப் 'பெட்டி' நம் பெட்டி இல்லை. சின்னது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. டீ, ஜெராக்ஸ், ஆட்டோ என்று அன்றாடம் கரைகிற சில்லறைச் செலவுக்காக எடுத்துவைக்கிற தொகை.

ஆனால் அவர் தப்பாக நினைத்ததிலும் ஒரு உண்மை இருக்கிறது. பெட்டி என்ற பொருள் அந்தத் தொடரில் இருக்கத்தான் செய்கிறது, கேஷ் என்ற பாதியில். அடுத்த கேள்விக்குப் பதிலே அதுதான்.

காசு என்ற தமிழ்ச் சொல்லிலிருந்துதான் கேஷ் வந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பாதி உண்மை. இதைப் பொறுமையாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் பெருமைக்காக முழுசாக அடித்துவிடுகிறவர்களும் உண்டு, "அதெல்லாம் சும்மா கதை" என்று முழுசாகத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

ஆங்கில அகராதியில் கேஷ் என்ற எழுத்துக்கூட்டில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. முதலாவது நாம் தினமும் சொல்கிற ரொக்கப் பணம். இது லத்தீன் மொழியில் பெட்டியைக் குறித்த காப்ஸா என்ற சொல்லில் தொடங்கி, இத்தாலியில் காஸ்ஸா ஆகி, பிரெஞ்சில் கேஸ் ஆகி, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. முதலில் அதற்குப் பணப்பெட்டி என்றே பொருள். போகப்போக, பெட்டிக்குள் இருந்த பணத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாமும் அப்படித்தான் பேசுகிறோம். கடைக்காரர் "இன்னைக்கு கல்லா எவ்வளவு?" என்றால் மரப்பெட்டியின் விலையையா கேட்கிறார்? அன்றைக்கு விழுந்த பணத்தைத்தானே கேட்கிறார்.

இரண்டாவது கேஷ் ஒரு சின்ன நாணயத்தின் பெயர். இதுதான் நம் காசு. போர்த்துக்கீசியர் இந்தக் கரைக்கு வந்தபோது காசு என்ற சொல்லைத் தங்கள் வாய்க்குத் தக்கபடி காய்ஷா என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே எழுத்துக்கூட்டு இருந்தது. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு கேஷ் ஆக்கினார்கள். வேறு வேறு ஊரிலிருந்து கிளம்பிய இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நின்றுவிட்டன.

காசு நம்மிடம் எவ்வளவு பழையது என்று ஒரு அம்மா கேட்டார். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் திருவீழிமிழலையில் பாடிய பதிகமே காசு கேட்டுத்தான். பஞ்ச காலத்தில் அவருக்குக் கிடைத்த காசுக்குக் கடைக்காரர்கள் வட்டம், அதாவது கழிவு, பிடித்தார்களாம். அந்தக் குறை தீர நல்ல காசு கொடு என்று சிவனிடமே கேட்கிறார். சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு வருகிறது. வெண்பாவின் ஈற்றடி முடிகிற வாய்பாடுகள் நாள், மலர், காசு, பிறப்பு என்று பள்ளியில் ஒப்பித்திருப்போம், அதிலும் காசு. வடமொழியில் கர்ஷம் என்ற எடையோடு காசைத் தொடர்புபடுத்துகிற அறிஞர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. ஏ.டி.எம்.மில் எடுக்கிற கேஷ் நம்முடையது இல்லை. கம்பெனி காலத்துச் செப்புக் காசின் மேல் ஆங்கிலத்தில் பொறித்திருந்த கேஷ் நம்முடையது. நம்முடையதை மட்டும் நம்முடையது என்று சொன்னாலே போதும், அதுவே பெரிய விஷயம்.

காசின் மேலேயே ஆங்கிலத்தில் கேஷ் என்று எழுதியிருந்ததா?

இருந்தது. எங்கள் மாடிக்கே ஒன்று வந்தது. ஒரு பையன் தன் பாட்டியின் பழைய பித்தளைச் செம்பில் கிடந்ததை பனியன் நுனியில் முடிந்து கொண்டுவந்தான். கறுத்துப்போன செம்பு, உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரிகிறது. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், அதன் கீழே 1808. மறுபக்கம் பாரசீக எழுத்து. அதற்கும் கீழே, தேய்ந்து போயிருந்தாலும் படிக்க முடிகிறது: இரண்டு எக்ஸ், பக்கத்தில் சி, ஏ, எஸ், ஹெச். எக்ஸ் என்பது ரோமன் எண்ணில் பத்து, இரண்டு எக்ஸ் இருபது. இருபது காசு. பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து நாலு எழுத்தையும் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார்கள். அன்று ஆட்டம் தொடங்க இருட்டிவிட்டது.

அந்த நாணயங்கள் இங்கே அடித்தவை அல்ல. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காமின் சோஹோ ஆலையில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இந்த 1808 காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே குட்வின் மணல்திட்டில் மாட்டி உடைந்தது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அதிலிருந்து காசுகளை மூட்டை மூட்டையாக எடுத்தார்கள். மெட்ராஸ் வந்துசேராத மெட்ராஸ் காசுகள்!

அன்றைய கணக்கு: 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் வராகன் என்ற ஒரு தங்க நாணயம். ஒரு வராகனுக்கு 3,360 காசு. வராகனை வெள்ளைக்காரர்கள் பகோடா என்றார்கள், மூன்றரை ரூபாய்க்குச் சமம். 1818-இல் மாகாணம் ரூபாய் கணக்குக்கு மாறியதும் இந்தக் கணக்கெல்லாம் மெல்ல மறைந்துவிட்டது. பேச்சில் மட்டும் காசு நின்றுவிட்டது.

கம்பெனி இங்கேயும் நாணயம் அடித்திருக்கிறது. முதலில் கோட்டைக்குள் இருந்த தங்கசாலை பிறகு ஜார்ஜ் டவுனுக்கு வந்தது. தங்கசாலைத் தெருவுக்கு அதனால்தான் அந்தப் பெயர். வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டை இன்றைக்கும் நாம் 'மின்ட்' என்றுதானே சொல்கிறோம். கண்டக்டர் "மின்ட்லாம் இறங்கு" என்று கத்தும்போது காசு அடித்த இடத்தைத்தான் சொல்கிறார்.

துட்டு என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

சம்பந்தமில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்விதான், நம் ஏரியாவில் காசைவிட துட்டுதானே வாயில் அதிகம் வருகிறது. அது டச்சுக்காரர்களின் டொய்ட் என்ற சின்னச் செப்பு நாணயத்தின் பெயர். இங்கிருந்து வடக்கே பழவேற்காட்டில் அவர்கள் கோட்டை கட்டிக்கொண்டு 17-ஆம் நூற்றாண்டில் நாணயம் அடித்தார்கள். ஆங்கிலேயன் காசை எடுத்துப்போய் கேஷ் ஆக்கினான், நாம் டச்சுக்காரனின் நாணயத்தை எடுத்துத் துட்டு ஆக்கிக்கொண்டோம்.

நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் கேஷ் என்கிறார்களே?

ஆமாம், அதுவும் நம் காசிலிருந்து போன பெயர்தான். ஐரோப்பிய வியாபாரிகள் இந்தப் பக்கம் கற்ற சொல்லை அங்கே பார்த்த மலிவு நாணயத்துக்கும் வைத்துவிட்டார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். கேஷ் வைத்தால் எத்தனை புள்ளி?

சி 3, ஏ 1, எஸ் 1, ஹெச் 4. மொத்தம் 9. முதல் ஆட்டமாக நடு நட்சத்திரத்தின் மேல் வைத்தால் இரட்டிப்பாகி 18. போனில் ஆடுகிற வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸில் சி 4, ஹெச் 3 என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் கூட்டினால் அதே 9.

ஏன் ஹெச்சுக்கு 4, எஸ்ஸுக்கு 1? யார் முடிவு செய்தார்கள்?

ஆல்ஃபிரெட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930-களில் பொருளாதாரம் படுத்து வேலையில்லாமல் இருந்த காலத்தில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். நியூயார்க் டைம்ஸ் போன்ற பத்திரிகைகளை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, அதை வைத்து டைல்களைப் பங்குபோட்டார். ஸ்க்ராபிள் என்ற பெயர் வந்தது 1948-இல், ஜேம்ஸ் புருநாட் என்பவர் கையில்.

மொத்தம் 100 டைல். அதில் எழுத்து 98, எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்று டைல் 2. நம் சொல்லுக்கு வேண்டியதில் ஏ 9, எஸ் 4, சி 2, ஹெச் 2. எஸ் வெறும் நாலுதானா என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். எதன் பின்னாலும் எஸ் ஒட்டிப் பன்மையாக்கிவிடலாம் என்பதால் ஆட்டம் சப்பென்று ஆகக்கூடாது என்று குறைத்துவைத்தார்.

கேஷ் வைக்க மிக நல்ல இடம் எது?

பலகையின் மூலை. ஓர வரிசையில் மூலைக்கட்டம் ட்ரிபிள் வேர்ட், அதாவது சொல் முழுவதன் புள்ளியும் மும்மடங்கு. அங்கிருந்து நாலாவது கட்டம் டபுள் லெட்டர், அதில் விழுகிற எழுத்தின் புள்ளி மட்டும் இரட்டிப்பு. சி மூலையில் விழுந்தால் ஹெச் சரியாக அந்த நாலாவது கட்டத்தில் விழும். ஹெச் 8 ஆகும், கூட்டினால் 13, மும்மடங்கு 39. ஒன்பது புள்ளிச் சொல் முப்பத்தொன்பது ஆவதைப் பார்த்தால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவேண்டும். அடுத்த வரிசையில் ஏற்கெனவே இருக்கிற எழுத்துகளோடு ஒட்டி, அங்கே உருவாகிற குட்டிச் சொற்களும் சரியாக இருக்கவேண்டும். அதனால் அடிக்கடி வாய்க்காது. மூலை திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எதிராளி சாம்பல் என்ற பொருளில் ஆஷ் வைத்திருந்தால் முன்னால் ஒரு சி போதும், கேஷ் ஆகிவிடும். அந்த இடத்துக்கு பி, டி, எஃப், ஜி, ஹெச், எல், எம், பி, ஆர், எஸ், டபிள்யூ எல்லாம் சேரும். முதல் பி 'பேபி'யில் வருவது, இரண்டாவது 'பென்'னில் வருவது.

எஸ்ஸை இந்தச் சொல்லில் செலவு செய்யலாமா?

என்னைக் கேட்டால், ஒன்பது புள்ளிக்காகச் செய்யவே கூடாது. எஸ் கையில் இருந்தால் அடுத்த முறை ஏழெழுத்துச் சொல் அமைய வழி பிறக்கும். எட்டு பத்து புள்ளி கூடுதலாகக் கிடைத்தால்தான் அதைக் கீழே இறக்கவேண்டும். சி, ஏ, ஹெச் மூன்றை மட்டும் வைத்து சா என்று ஒரு சொல் இருக்கிறது, தேநீர் என்று பொருள். அதை வைத்துவிட்டு எஸ்ஸை ரேக்கிலேயே, அதாவது நம் டைல்களை நிறுத்திவைக்கிற தட்டிலேயே, பத்திரப்படுத்தலாம்.

கேஷுக்குப் பின்னால் என்னென்ன சேரும்?

இ-டி, இ-எஸ், ஐ-என்-ஜி என்ற வழக்கமான வால்கள் எல்லாம் சேரும். அதைவிட நல்லது இ, டபிள்யூ சேர்ந்த கேஷ்யூ, அதாவது முந்திரி. இதற்கும் பணத்துக்கும் உறவில்லை. பிரேசில் பழங்குடியினரின் துப்பி மொழியிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. எழுத்துப் புள்ளி 14. முதல் ஆட்டமாக வைக்கும்போது சி-யை நட்சத்திரத்துக்கு ஒரு கட்டம் இடதுபக்கம் தொடங்கினால் கடைசி டபிள்யூ டபுள் லெட்டரில் விழுந்து 36 கிடைக்கும். சி-யை அந்தப் பக்கத்து டபுள் லெட்டரில் வைத்துத் தொடங்கினால் 34தான்.

முன்னால் இ, என் சேர்ந்தால் என்கேஷ். துறைமுகத்தில் வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த சொல். அப்பாவின் லீவ் என்கேஷ்மென்ட் எப்போது வரும் என்று வீட்டில் பேசிக் கேட்டிருப்பார்கள். புள்ளி 11.

ஒரு எச்சரிக்கை. கேஷுக்குப் பின்னால் இரண்டு கட்டத்தில் ட்ரிபிள் வேர்ட் திறந்திருந்தால் அங்கே வைக்காதீர்கள். எதிராளி இ, டி இரண்டைப் போட்டு மொத்தச் சொல்லையும் மும்மடங்காக அள்ளிக்கொண்டு போவார்.

ஏழு எழுத்தும் ஒரேயடியாக வைக்க இதில் வழி உண்டா?

உண்டு. இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சி, ஏ, எஸ், ஹெச் உடன் ஐ, இ, ஆர் இருந்தால் கேஷியர். ஏழும் வைத்ததற்கு 50 போனஸ். முதல் ஆட்டமாக சி-யை டபுள் லெட்டரில் தொடங்கினால் எழுத்து 15, இரட்டித்து 30, போனஸோடு 80.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு முதல் கையிலேயே இந்த ஏழும் வந்தது. கேஷியர் என்று அடுக்கிவிட்டு வைக்கப்போனவள் நிறுத்தினாள். எஸ்ஸை எடுத்துக் கடைசியில் போட்டாள். காயே என்ற பிரெஞ்சு வழிச் சொல்லின் பன்மை அது, நோட்டுப்புத்தகங்கள் என்று பொருள். "அக்கா, இப்படி வச்சா ஹெச்சு டபுள்ல விழுது" என்றாள். எண்ணிப் பார்த்தோம். கடைசி எஸ் நட்சத்திரத்தில், ஹெச் டபுள் லெட்டரில், எழுத்து 16, இரட்டித்து 32, போனஸோடு 82. அதே ஏழு எழுத்தில் இரண்டு புள்ளி கூடுதல். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளே கண்டுபிடித்தது.

கேஷியருக்கும் இரண்டு முகம் இருக்கிறது. பெயர்ச்சொல்லாக, கல்லாவில் உட்காருகிறவர். வினைச்சொல்லாக, பட்டாளத்து அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்குவது. இந்த வினை பணப்பெட்டியிலிருந்து வரவில்லை, உடைப்பது, ரத்து செய்வது என்ற பொருளுள்ள வேறொரு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து டச்சு வழியாக வந்தது. வினையாக இருப்பதால் பின்னால் இ-டி சேர்த்தாலும் செல்லும்.

கம்ப்யூட்டரில் 'கேஷ் கிளியர் பண்ணு' என்கிறார்களே, அதுவும் இதுதானா?

உச்சரிப்பு ஒன்று, சொல் வேறு. சி, ஏ, சி, ஹெச், இ. ஒளித்துவைக்கிற இடம் என்று பொருள். புள்ளி 12. பையில் இரண்டு சி-தான் இருக்கிறது என்பதால் இதை வைத்துவிட்டால் பிறகு சி-க்கு வெற்று டைல்தான் கதி.

போட்டியில் ஒரு சொல் செல்லாது என்றால் என்ன செய்வது?

செல்லுகிற சொற்களுக்கு எந்தப் பட்டியலைப் பார்ப்பார்கள் என்று ஆட்டம் தொடங்குமுன்பே கேளுங்கள். நம் நாட்டுப் போட்டிகளில் காலின்ஸ் பட்டியல் வழக்கம். அமெரிக்காவில் பட்டியல் வேறு. எங்கள் பிள்ளை ஒருத்தி ஒரு கல்லூரி விழாவில் கேஷுக்கு மேல் குறுக்கே ஒட்டி சி, ஹெச் என்ற இரண்டெழுத்துச் சொல்லை அமைத்தாள். 'நான்' என்பதற்குப் பழைய ஆங்கில வட்டார வழக்கு அது. காலின்ஸில் உண்டு. நடுவர் போனில் அமெரிக்கப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு செல்லாது என்று எடுக்கச் சொல்லிவிட்டார். பிள்ளை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேசவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதிலிருந்து எங்கே போனாலும் இதுதான் என் முதல் கேள்வி.

'காசு' என்றே வைக்க முடியாதா?

முடியாது, அந்த எழுத்துக்கூட்டு பட்டியலில் இல்லை. ஆனால் நம் பக்கத்துச் சொற்கள் வேறு நிறைய உள்ளே இருக்கின்றன. இட்லி 5, தோசை டி-ஓ-எஸ்-ஏ என்று 5, தேக்கிலிருந்து போன டீக் 8, கறியிலிருந்து போன கரி 10. அணைக்கட்டுகூட அனிகட் என்ற பெயரில் இருக்கிறது, 8 புள்ளி. கட்டுமரம் கேட்டமரான் ஆகி 13 புள்ளியோடு நிற்கிறது. ஒன்பது எழுத்து என்பதால் பலகையில் ஏற்கெனவே கிடக்கிற இரண்டு எழுத்தையாவது பிடித்துக்கொண்டுதான் வைக்கமுடியும். காசிமேட்டுப் பையன் ஒருவன் மூன்று வாரமாக அதற்காகவே ஏ-க்களைச் சேர்த்துவைத்துத் தோற்றுக்கொண்டிருக்கிறான். என்றைக்காவது வைத்துவிடுவான்.

காசு வைத்து ஆடலாமா?

எங்கள் மாடியில் கிடையாது. ஜெயித்தவர் டைல்களை எண்ணிப் பையில் போட்டு, நூறும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பவேண்டும்.